ஒரு வரி ரீசெட் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையப் பக்கம் எழுதப் பழகுவோருக்காகத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த குறிப்புகளில் ஒரு யோசனை இருந்தது. ஸ்டைல்ஷீட்டின், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பின், முதல் வரியில் எல்லா டேக்கையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு, மார்ஜின் (வெளி இடைவெளி) 0, பேடிங் (உள் இடைவெளி) 0 என்று எழுதிவிட்டால் எல்லா பிரவுசரிலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும் என்பது அந்த யோசனை. பிரவுசர் தானாகத் தரும் தோற்றத்தை இப்படி அழிப்பதற்கு ரீசெட் என்று பெயர். அந்த யோசனையில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் பழகுபவர்கள் எங்கெங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

நாம் ஒரு வரி சிஎஸ்எஸ்கூட எழுதாத பக்கத்துக்கும் ஒரு ஸ்டைல்ஷீட் உண்டு. அது பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் தெரிவது முழுவதையும் தாங்கும் பாடி டேக்கைச் சுற்றி 8 பிக்சல் மார்ஜின், பத்திக்கு மேலும் கீழும் 1 இஎம் (ஓர் எழுத்தளவு), எச்1 தலைப்புக்கு இரண்டு மடங்கு எழுத்தளவு, பட்டியலுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங், மேற்கோளுக்கான பிளாக்கோட்டுக்கு இருபுறமும் 40 பிக்சல் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. இந்த எண்கள் இன்று எச்டிஎம்எல் தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. பட்டியலின் உள்தள்ளலை ஒரு பிரவுசர் மார்ஜினாகக் கொடுக்கும், இன்னொன்று பேடிங்காகக் கொடுக்கும்; ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதில் கலைந்துவிடும். ரீசெட் என்ற பழக்கம் பிறந்தது அந்தக் காலத்தில். டான்டெக் செலிக் 2004-ல் அப்படி அழிக்கும் ஒரு சிறு கோப்பு வெளியிட்டார். எரிக் மேயரின் ரீசெட் 2007-ல் வந்தது, அதன் 2.0 பதிப்பு 2011 ஜனவரியில். நிக்கோலஸ் கல்லகரும் ஜொனாதன் நீலும் வேறு வழியில் போனார்கள்: எல்லாவற்றையும் அழிக்காமல், பிரவுசர்கள் வேறுபடும் இடங்களை மட்டும் சமன்செய்யும் நார்மலைஸ் கோப்பு அவர்களுடையது. அதன் 8.0.1 பதிப்பு 2018-ல் வந்தது. இன்று யாரும் சோதித்துப் பார்க்காத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான வரிகள் அதில் இன்னமும் இருக்கின்றன.

இன்று பிரவுசர் வேறுபாட்டைவிட, நாம் கேட்காத தோற்றம் நம் வடிவமைப்புக்குள் நுழைவதே ரீசெட் எழுதப் பெரிய காரணம். அப்படியானால் எந்த வரி எதை அழிக்கிறது, அழித்ததற்குப் பதிலாக நாம் என்ன வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கோப்பை அப்படியே ஒட்டுவதில் உள்ள கோளாறு இதுதான். அழித்தது என்ன என்றே தெரியாவிட்டால் திருப்பி வைக்கவும் தோன்றாது.

முதலில் அந்த ஒற்றை வரியையே எடுத்துக்கொள்வோம். விதி எந்த டேக்குக்கு என்று சொல்லும் பகுதி செலக்டர்; இரண்டு விதிகள் மோதினால் செலக்டரின் எடை அதிகமுள்ளது ஜெயிக்கும். நட்சத்திர செலக்டருக்கு எடை பூஜ்யம். பிரவுசரின் எச்1 விதிக்கு அதைவிட எடை அதிகம். இருந்தும் நம் வரி ஜெயிக்கிறது. செலக்டரின் எடையைப் பார்ப்பதற்கு முன்பே விதி எங்கிருந்து வந்தது என்று பிரவுசர் பார்க்கும். பக்கத்தை எழுதியவரின் சாதாரண விதி எதுவானாலும் பிரவுசரின் சாதாரண விதியை மீறும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் நாம் நினைத்தே பார்க்காத விதிகளும் இதே வழியில் மீறப்படுகின்றன.

பக்கத்தின்மேல் பெட்டி திறக்கும் டயலாக் டேக் நல்ல உதாரணம். ஷோமோடல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை கொண்டு திறக்கும் பெட்டி திரையின் நடுவில் வந்து நிற்பது பிரவுசர் அதற்குக் கொடுத்திருக்கும் மார்ஜின்: ஆட்டோ என்ற விதியால். நட்சத்திர வரி அதையும் 0 ஆக்கிவிடும். பெட்டி இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பாப்ஓவர் பண்பு உள்ளவற்றுக்கும் இதே கதி. காரணம் புரியாமல் ஜாவாஸ்கிரிப்டில் பிழை தேடுவோர் உண்டு. நட்சத்திரத்துடன் ':நாட்' சேர்த்து டயலாக்கை விலக்கலாம். ஆனால் ':நாட்' தனக்குள் இருக்கும் செலக்டரின் எடையை எடுத்துக்கொள்ளும். பூஜ்யமாக இருந்த ரீசெட் வரி ஒரு டேக்கின் எடைக்கு ஏறிவிடும். முழுவதையும் ':வேர்' என்பதற்குள் வைத்தால் எடை மீண்டும் பூஜ்யம்.

பட்டியலைப் பாருங்கள். புள்ளிகள் பட்டியல் வரிக்கு வெளியே, அந்த 40 பிக்சல் பேடிங் இடத்தில் வரையப்படுகின்றன. பேடிங்கும் போய், பாடியின் 8 பிக்சல் மார்ஜினும் போனால் புள்ளிகள் திரையின் இட விளிம்புக்கு அப்பால் போய்விடும். ரீசெட் புள்ளிகளை எடுத்துவிட்டது என்று நினைத்து, திரும்பக் கொண்டுவர லிஸ்ட்-ஸ்டைல் எழுதுவார்கள், ஒன்றும் ஆகாது. கொடுக்க வேண்டியது பேடிங்தான். பட்டனிலும் எழுத்து விளிம்பை முட்டி நிற்கும். அங்கும் பேடிங்கைத் திருப்பித் தரவேண்டும்.

அந்த ஒற்றை வரி தொடாத விஷயங்கள் இன்னும் முக்கியமானவை. பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள் சேருமா என்று முடிவு செய்யும் பாக்ஸ்-சைசிங் அவற்றில் முதலாவது. அகலம் 300 பிக்சல், இருபுறமும் 20 பேடிங், 1 பார்டர் என்று ஒரு பெட்டிக்குக் கொடுத்தால் திரையில் அது 342 பிக்சல் வரும். படிவங்களில் குழப்பம் இரட்டிப்பாகும். எழுத்து உள்ளிடும் இன்புட்டும் டெக்ஸ்ட்ஏரியாவும் கன்டென்ட்-பாக்ஸ் என்ற இந்தக் கணக்கில் நடக்க, பட்டனும் செலக்ட்டும் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் அகலத்துக்குள் அடக்கும் பார்டர்-பாக்ஸ் கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அகலம் 100 சதவீதம், பேடிங் 10, பார்டர் 1 கொடுத்துப் பாருங்கள்: இன்புட் 22 பிக்சல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் கீழேயே பட்டன் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். தீர்வு, எல்லாவற்றுக்கும் பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ். எழுதும்போது நட்சத்திரத்துடன், சிஎஸ்எஸ் தானே உருவாக்கும் பகுதிகளான '::பிஃபோர்', '::ஆஃப்டர்' இரண்டையும் சேர்க்க வேண்டும், நட்சத்திரம் மட்டும் அவற்றைப் பிடிக்காது. வெளியார் எழுதித் தரும் சிறு பகுதி, அதாவது விட்ஜெட், பக்கத்தில் இருந்தால், எச்டிஎம்எல் டேக்குக்கு பார்டர்-பாக்ஸ் கொடுத்து மற்றவற்றுக்கு இன்ஹெரிட் (மேல் டேக்கின் மதிப்பை வாங்கிக்கொள்) என்று எழுதுவது நல்லது. அப்போது அந்த விட்ஜெட்டின் மேல் டேக்கில் கன்டென்ட்-பாக்ஸ் என்று ஒருமுறை மாற்றினால் உள்ளே இருப்பவை எல்லாம் தொடரும்.

அடுத்தது படிவங்களின் எழுத்துரு. தமிழில் பக்கம் எழுதுவோருக்கு இது வேறு யாரையும்விடக் கூடுதலாகத் தேவை. பாடிக்கு நாம் கொடுக்கும் எழுத்துரு பட்டனுக்கும் இன்புட்டுக்கும் இறங்காது. பிரவுசர் அவற்றுக்குத் தனியாக ஒரு எழுத்துருவும் சுமார் 13.33 பிக்சல் அளவும் வைத்திருக்கிறது, டெக்ஸ்ட்ஏரியாவுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள மோனோஸ்பேஸ். ஆங்கிலப் பக்கத்தில் இது சிறு உறுத்தலாக முடிந்துவிடும். தமிழில் அப்படி இல்லை. பட்டனுக்கான அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாதபோது, சாதனத்தில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதை பிரவுசர் எடுத்துப் போடும். பத்தியில் ஒரு தமிழ், 'அனுப்பு' பட்டனில் இன்னொரு தமிழ், போனில் மூன்றாவது என்று ஆகிவிடும். பட்டன், இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா நான்குக்கும் ஃபான்ட்: இன்ஹெரிட் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. நிறம் இதில் அடங்காது, கலர்: இன்ஹெரிட் தனியே வேண்டும். இந்த வரியால் இன்னொரு லாபமும் உண்டு. ஐபோனில் இன்புட்டின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், அதைத் தொட்டதும் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும். பாடி 16 பிக்சலோ மேலோ இருந்து, இன்புட் அதை வாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. ஜூம் செய்வதையே மெட்டா டேக்கில் தடுத்துவிடுவது பார்வை குறைந்தவர்களுக்குச் செய்யும் கெடுதல். அதைத் தீர்வு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

லைன்-ஹைட், அதாவது வரியின் உயரம், விஷயத்திலும் தமிழுக்குத் தனிக் கணக்கு. மேயரின் ரீசெட்டில் பாடிக்கு லைன்-ஹைட் 1. நார்மலைஸில் 1.15. இரண்டும் தமிழுக்கு ஆகாது. 'ழு', 'நு', 'று' போன்றவை கீழே இறங்கும், அடுத்த வரியின் மேல்விலங்கும் புள்ளியும் மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். கார்டுக்குள், பெட்டிக்கு மிஞ்சுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ: ஹிட்டன் போட்டு இரண்டு வரித் தலைப்பு வைத்திருந்தால் கடைசி வரியின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுத் தெரியும். பத்திக்கு 1.6-லிருந்து 1.7, தலைப்புக்கு 1.3-க்குக் குறையாமல் என்பது எங்கள் கணக்கு. எழுத்துருவைப் பொறுத்து சற்றுக் கூட்டலாம். அலகில்லாத எண்ணாகவே எழுதுங்கள். பாடியில் 150% என்று போட்டால் 16 பிக்சலுக்கு 24 பிக்சல் எனக் கணக்கிடப்பட்டு, அந்த 24 தான் கீழே இறங்கும். 32 பிக்சல் தலைப்பு இரண்டு வரியாக மடியும்போது 24 பிக்சல் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 1.5 என்று எழுதினால் அந்த விகிதம் இறங்கும், தலைப்புக்கு 48 பிக்சல் கிடைக்கும்.

இதோடு சேர்ந்தது அழுத்தம் காட்டும் இஎம் டேக் (அளவைக் குறிக்கும் இஎம் வேறு). நூல் பெயருக்கான சைட், முகவரிக்கான அட்ரஸ் டேக்குகளும் இதே வகை. பிரவுசர் இவற்றைச் சாய்ந்த எழுத்தாக்கும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை என்பதால் நேர் எழுத்தையே பிரவுசர் இழுத்துச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்காது. மேயரின் கோப்பு இஎம்-ஐயும் ஸ்ட்ராங்கையும் வெற்று எழுத்தாக்கிவிடும். அழுத்தமே தெரியாமல் போகும். மொழியைப் பார்க்கும் ':லாங்' செலக்டரில் தமிழைக் குறித்து, இஎம்-க்கு ஃபான்ட்-ஸ்டைல்: நார்மல், ஃபான்ட்-வெயிட்: 600 கொடுப்பது நடுவழி. எச்டிஎம்எல் டேக்கில் லாங் பண்பு தமிழ் என்று இருந்தால்தான் இது வேலை செய்யும்.

எழுத்தளவில் இன்னும் இரண்டு மறைகுழிகள். ஃபான்ட்-ஃபேமிலியில் மோனோஸ்பேஸ் என்று மட்டும் எழுதினால் பிரவுசர் இயல்பளவை 16-லிருந்து 13 பிக்சலாக இறக்கிவிடும். மோனோஸ்பேஸ், மோனோஸ்பேஸ் என்று இருமுறை எழுதி, ஃபான்ட்-சைஸ் 1 இஎம் கொடுத்தால் சரியாகும். நார்மலைஸ் கோப்பில் அப்படி இருப்பதைப் பார்த்து எழுத்துப்பிழை என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள். இன்னொன்று எச்1. ஆர்டிகல், செக்‌ஷன் டேக்குகளுக்குள் வரும் எச்1 தலைப்பை பிரவுசர்கள் தாமாகவே சிறிதாக்கிவந்தன. அந்த விதியை எடுக்கப்போவதாக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2025-ல் அறிவித்தது. பழைய பிரவுசரில் ஓர் அளவு, புதியதில் ஓர் அளவு வராமலிருக்க எச்1-க்கு ஃபான்ட்-சைஸும் மார்ஜினும் நாமே எழுதிவிடுவது உத்தமம்.

படங்களுக்கு மூன்று வரி: டிஸ்பிளே: பிளாக், மேக்ஸ்-விட்த்: 100%, ஹைட்: ஆட்டோ. படம் இயல்பில் எழுத்தோடு எழுத்தாக அடிக்கோட்டில் நிற்பதால், கீழிறங்கும் எழுத்துகளுக்கான இடம் படத்துக்கு அடியில் சில பிக்சல் வெற்றிடமாகத் தெரியும். பிளாக் ஆக்கினால் அது போகும். ஹைட்: ஆட்டோ இல்லாமல் மேக்ஸ்-விட்த் மட்டும் போட்டால், டேக்கில் அகலமும் உயரமும் எண்ணாகக் கொடுத்த படங்கள் சிறு திரையில் நெட்டையாக இழுபடும். அதற்காக அந்த எண்களை டேக்கிலிருந்து எடுத்துவிடவும் கூடாது. படம் வந்து சேரும்முன் பிரவுசர் இடம் ஒதுக்குவது அவற்றைக் கொண்டுதான்.

டிஸ்பிளே: பிளாக் ஒரு பக்கவிளைவோடு வருகிறது. ஹிட்டன் பண்பு கொடுத்து மறைத்த படம் திடீரென்று தெரியும். மறைப்பது பிரவுசரின் டிஸ்பிளே: நன் விதி, முன்பு சொன்ன அதே காரணத்தால் நம் பிளாக் அதை வென்றுவிடுகிறது. ரீசெட்டிலேயே ஹிட்டன் பண்புக்கு டிஸ்பிளே: நன் எழுதி, சாதாரண விதிகளை மீறச் செய்யும் இம்பார்டன்ட் போடலாம். இம்பார்டன்ட் நியாயமாகப் பயன்படும் சொற்ப இடங்களில் இதுவும் ஒன்று. அன்டில்-ஃபவுண்ட் என்ற மதிப்புள்ளவற்றை மட்டும் விலக்கிவிடுங்கள். பக்கத்துக்குள் தேடும்போது தானாக விரியும் பகுதிகள் அவை.

அழிக்கவே கூடாதவை இரண்டு. கீபோர்டில் டேப் அழுத்தி நகரும்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு, அதாவது அவுட்லைன், முதலாவது. மேயரின் முதல் பதிப்பில் ஃபோகஸுக்கு, அதாவது அப்படி நிற்கும் நிலைக்கு, அவுட்லைன்: 0 என்று ஒரு வரி இருந்தது, ஃபோகஸ் ஸ்டைலை நீங்களே எழுத மறக்காதீர்கள் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருந்தது. வரியை எல்லோரும் நகலெடுத்தார்கள், குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை. 2.0 பதிப்பில் அந்த வரியே இல்லை. ஆனால் பழைய நகல்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மவுஸ் பிடிக்க இயலாதவருக்கு அந்தப் பக்கம் இருட்டுதான். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி விதிகளில் 2.4.7 இதையே வலியுறுத்துகிறது. கோடு அழகாக இல்லை என்றால் ':ஃபோகஸ்-விசிபிள்' கொண்டு 2 பிக்சல் தடிமனில் வேறு நிறம் கொடுங்கள்.

இரண்டாவது பட்டியலின் புள்ளி. எல்லாப் பட்டியலுக்கும் பொதுவாக லிஸ்ட்-ஸ்டைல்: நன் போடக் கூடாது. புள்ளி போனால், சஃபாரியும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆப்பிளின் வாய்ஸ்ஓவரும் சேர்ந்து அதைப் பட்டியலாகவே அறிவிப்பதில்லை. எத்தனை உருப்படி என்று கேட்பவருக்குத் தெரியாது. ரோல் பண்பில் லிஸ்ட் என்று எழுதியவற்றுக்கு மட்டும் புள்ளியை எடுப்பதாக ரீசெட்டை அமைத்தால் இரண்டும் ஒருசேர நடக்கும்: கட்டுரைக்குள் வரும் பட்டியலுக்குப் புள்ளி இருக்கும், மெனுவுக்கு இருக்காது, வாய்ஸ்ஓவரும் ஏமாறாது.

இனி, ரீசெட்டை எங்கே வைப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பல கோப்புகளை ஒன்றாக்கும் பில்ட் கருவி அவற்றை வரிசை மாற்றிக் கோத்துவிட்டால், எச்2-வுக்கு நாம் எழுதியதை அதே எடையுள்ள ரீசெட் வரி பின்னால் வந்து அழித்துவிடும். 2022-ன் தொடக்க மாதங்களிலிருந்து மூன்று பிரவுசர்களிலும் விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் '@லேயர்' இருக்கிறது. ஸ்டைல்ஷீட்டின் தலையில் ரீசெட், பேஸ், காம்பொனென்ட்ஸ் என்று லேயர்களின் வரிசையை ஒரே வரியில் அறிவித்துவிட்டால், கோப்பு எந்த வரிசையில் வந்தாலும் ரீசெட் அடியிலேயே கிடக்கும். இரண்டு எச்சரிக்கை. எந்த லேயரிலும் சேராத சிஎஸ்எஸ், லேயரில் உள்ள அனைத்தையும் வெல்லும். பழைய தளத்தில் பாதியை மட்டும் லேயருக்கு மாற்றினால் புதிதாக எழுதியது எதுவும் பலிக்காததுபோல் தோன்றும். இம்பார்டன்ட் போட்டால் இந்த வரிசை அப்படியே தலைகீழ்: அடி லேயரின் இம்பார்டன்ட்டை மேலே உள்ளவற்றின் இம்பார்டன்ட்டாலும் வெல்ல முடியாது. ரீசெட் லேயரில் ஹிட்டனுக்குப் போட்டதைத் தவிர வேறு இம்பார்டன்ட் வேண்டாம்.

எடிட்டரில் தட்டச்சு செய்து வரும் கட்டுரைப் பகுதிக்கு ரீசெட் எதிரி. அங்கே யாரும் கிளாஸ் எழுதப்போவதில்லை. அந்தப் பகுதியின் பட்டியல், பிளாக்கோட், தலைப்பு ஆகியவற்றுக்கு மார்ஜின், பேடிங், லிஸ்ட்-ஸ்டைல் மூன்றையும் ரிவர்ட் என்று கொடுத்தால் பிரவுசரின் இயல்பு திரும்பிவிடும். இனிஷியல் என்று எழுதிவிடாதீர்கள். அது சிஎஸ்எஸ் தரநிலையின் தொடக்க மதிப்புக்குப் போகும், பிரவுசரின் இயல்புக்கு அல்ல. டிவ்வுக்கு டிஸ்பிளே: இனிஷியல் கொடுத்தால் அது இன்லைன் ஆகிவிடும்.

ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்டிராப் பயன்படுத்துவோரிடம் ரீபூட் என்ற ரீசெட் ஏற்கெனவே இருக்கிறது, அதுபோன்ற இன்னொன்றான டெயில்விண்டில் பிரீஃபிளைட். அவற்றின்மேல் மேயரையும் ஏற்றுவது வீண் வேலை மட்டுமல்ல, லைன்-ஹைட்டையும் கெடுக்கும். சொந்தமாக எழுதுபவருக்கு மேலே சொன்னவை எல்லாம் சேர்த்து முப்பது வரிக்குள் அடங்கும்.

சோதிக்க ஒரே ஒரு பக்கம் போதும். ஆறு தலைப்புகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டியல், அட்டவணை, பிளாக்கோட், குறிநிரல், எல்லா வகை இன்புட், டயலாக், ஹிட்டன் கொடுத்த ஒரு படம், இரண்டு வரிக்கு மடியும் நீண்ட தமிழ்த் தலைப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் வரியில் இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கும் டாக்டைப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் பழைய காலப் பிரவுசர்களைப் போல நடக்கும் குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும். அட்டவணைக்குள் எழுத்தளவு இறங்காதது போன்ற கோளாறுகளுக்கு ரீசெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் திறந்து, மவுஸைத் தொடாமல் டேப் மட்டும் அழுத்தி மேலிருந்து கீழ்வரை போங்கள். எங்கோ இடைவெளி உதைத்தால் அந்த டேக்கை இன்ஸ்பெக்ட் செய்யுங்கள். குரோமில் 'யூசர் ஏஜென்ட் ஸ்டைல்ஷீட்' என்ற பெயரின் கீழ் இருக்கும் வரி பிரவுசருடையது. அதன்மேல் கோடு அடிக்கப்பட்டிருந்தால் நாம் அதை மீறியிருக்கிறோம், அடிக்கப்படாமல் இருந்தால் அது இன்னும் செல்லுபடியாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் கம்ப்யூட்டட் பகுதியில் பிரவுசர் ஸ்டைல்ஸ் என்ற கட்டத்தை டிக் செய்தால் அவையும் தெரியும்.

அந்தக் குறிப்புகளின் அடுத்த பகுதியில் டயலாக், ஃபோகஸ், படிவ எழுத்துரு ஆகிய மூன்றையாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
இணையப் பக்க வடிவமைப்புப் பணியில் இருப்போர் சிலர்